இறுகிப்போன நட்டுக்கு இம்பாக்ட் ரெஞ்ச்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

டயர் கடையில் ஏர் கன் வைத்து இறுக்கிய வீல் நட்டு, வண்டியோடு வந்த எல் ஸ்பேனருக்கு லேசில் மசியாது. ஏறி நின்று மிதித்தும் அசையாத ஒரு நட்டோடு மல்லுக்கட்டிய பிறகுதான் நான் இம்பாக்ட் ரெஞ்ச் தேட ஆரம்பித்தேன்: வேகமாக அடித்து அடித்து நட்டைத் திருப்பும் மெஷின், சுருக்கமாகக் கன். தேடினால் குழப்பம்தான் மிச்சம். 4,000 ரூபாய்க்கு ஒன்று, 40,000 ரூபாய்க்கு ஒன்று. வேடிக்கை என்னவென்றால், விலை குறைந்த பெட்டியின் மேல்தான் பெரிய எண் அச்சடித்திருக்கிறது.

இந்தக் கட்டுரை மெக்கானிக்குகளுக்கானது அல்ல. சொந்தக் கார் ஒன்றோ இரண்டோ வைத்துக்கொண்டு, டயர்களை முன்பின் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது, சஸ்பென்ஷன் போல்ட்டைத் தொட்டுப் பார்ப்பது என்று வீட்டு வாசலிலேயே வேலை செய்ய நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

1. கருவியைப் பார்க்கும் முன் நட்டைப் பாருங்கள்

வண்டியின் கையேட்டை எடுத்து இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வீல் நட்டின் அளவு, அதை எவ்வளவு டார்க்கில் (திருப்பும் விசை, அளவு நியூட்டன் மீட்டர்) இறுக்க வேண்டும் என்ற எண். மாருதி கார்களில் பெரும்பாலும் 19 மில்லிமீட்டர் நட்டு, 85 முதல் 100 நியூட்டன் மீட்டர். ஹோண்டாவிலும் 19 தான், ஆனால் 108 நியூட்டன் மீட்டர். ஹூண்டாயில் 21 மில்லிமீட்டர். டொயோட்டாவின் சொந்தக் கார்களிலும் 21 தான். 103 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கச் சொல்வார்கள். கிளான்ஸா வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: பெயர் டொயோட்டா, உள்ளே இருப்பது பலேனோ, அதனால் 19 மில்லிமீட்டர் சாக்கெட்தான் (நட்டைக் கவ்வும் குழல்) பொருந்தும். போலோவில் நட்டே கிடையாது. 17 மில்லிமீட்டர் போல்ட், 120 நியூட்டன் மீட்டர். வண்டியின் வருடத்தைப் பொறுத்து இந்த எண்கள் மாறலாம் என்பதால் உங்கள் கையேட்டில் இருப்பதே கடைசி வார்த்தை.

கையேட்டில் கிலோகிராம் மீட்டர் என்று போட்டிருந்தால் 9.8 ஆல் பெருக்குங்கள். அமெரிக்க வீடியோக்களில் சொல்லும் பவுண்டு அடிக் கணக்கை 1.36 ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர் வந்துவிடும்.

100 நியூட்டன் மீட்டரில் இறுக்கியது 100 லேயே கழன்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். துரு பிடித்திருந்தாலோ, டயர் கடையில் கண்மண் தெரியாமல் இறுக்கியிருந்தாலோ இரண்டு மூன்று மடங்கு கேட்கும். ஆக, வீல் நட்டுக்கு மட்டும் என்றால் உண்மையான 300 நியூட்டன் மீட்டர் தாராளம். உண்மையான என்ற சொல்லை நினைவில் வையுங்கள், 4-வது படியில் அதற்கு வருகிறேன்.

வீல் நட்டைத் தாண்டிப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. ஆக்சில் முனையில் இருக்கும் பெரிய நட்டை இறுக்கும்போதே 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் கொடுக்கும் கார்கள் உண்டு. சில வருடம் மழையும் சேறும் பட்டிருந்தால் அது வேறு உலகம். எஞ்சின் தண்டின் முனையில் இருக்கும் கிராங்க் புல்லி போல்ட்டும் அப்படித்தான், குறிப்பாக ஹோண்டாவில் அது பேர்போன முரட்டுப் போல்ட். மாறாக, பிரேக் காலிப்பரின் ஸ்லைட் பின் போல்ட்டுகள் 25 - 35 நியூட்டன் மீட்டர் சமாச்சாரம். அங்கே கன்னைக் கொண்டுபோகவே வேண்டாம், சாதாரண ஸ்பேனர் போதும்.

2. உங்களுக்கு நிஜமாகவே கன் வேண்டுமா?

சின்னக் கணக்கு ஒன்று. 30 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 70 கிலோ ஆள் ஏறி நின்றால் சுமார் 205 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். 60 சென்டிமீட்டர் பிரேக்கர் பார் (சாக்கெட் மாட்டித் திருப்பும் நீளக் கம்பி) என்றால், அதே ஆள் பாதி எடையைக் கொடுத்தாலே அதே அளவு வந்துவிடும். முழு எடையும் கொடுத்தால் 400 ஐத் தாண்டும். அந்த பிரேக்கர் பாரின் விலை ஆயிரம் ரூபாய் சுமாரில்தான் இருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை டயர்களை மாற்றிப் போடுவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால், நல்ல பிரேக்கர் பாரும் ஒரு சாக்கெட்டும் வாங்கிக்கொண்டு இங்கேயே நிறுத்திவிடலாம். எல் ஸ்பேனரில் இரும்புப் பைப்பைச் செருகி மிதிக்கும் பழக்கத்தை மட்டும் விடுங்கள். அந்த ஸ்பேனரின் வாய் விரிந்து, நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். மழுங்கிய நட்டைக் கழற்றுவது தனிச் செலவு.

கன் உதவுவது வேறு இடங்களில். போல்ட்டைத் திருப்பினால் அதோடு சேர்ந்து தண்டும் சுற்றுகிற கிராங்க் புல்லி, ஆக்சில் நட்டு போன்றவற்றில் நீண்ட பாரால் பயனில்லை. கன்னின் வேகமான அடி, தண்டு சுற்றுவதற்குள் போல்ட்டை உலுக்கிவிடும். துருப்பிடித்த மரையிலும் நிதானமாக இழுப்பதைவிட நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் விழும் சிறு அடிகள் நன்றாக வேலை செய்யும். வண்டிக்கு அடியில் பார் வீச இடமில்லாத போதும் அப்படித்தான். அப்புறம் முதுகுவலி, தோள்வலி உள்ளவர்களுக்கு வேறு காரணம் தேவையே இல்லை.

3. காற்று, வயர், பேட்டரி

காற்றில் ஓடுவது: கன் விலை குறைவு, ஆயுள் அதிகம். ஆனால் கம்ப்ரசர் வேண்டும். டயருக்குக் காற்றடிக்கும் குட்டிப் பம்ப் இதற்கு உதவாது. ஏற்கெனவே வீட்டில் டேங்கோடு கூடிய கம்ப்ரசர் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

காரின் சிகரெட் லைட்டரில் செருகும் 12 வோல்ட் வகை: தவிர்த்துவிடுங்கள். அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் பொதுவாக 15 அல்லது 20 ஆம்பியர். அதிலிருந்து 200 வாட் சுமாருக்கு மேல் எடுக்க முடியாது. எடுத்தால் ஃபியூஸ் போய்விடும். இறுகிய நட்டுக்கு இது போதாது.

வயர் வைத்த 230 வோல்ட் வகை: இதை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது என் குறை. தனி வீடு, போர்டிகோவில் பிளக் பாயிண்ட், வருடத்தில் நாலைந்து முறை வேலை என்றால் இதைவிட நிம்மதியான கருவி இல்லை. சும்மா கிடந்து கெட்டுப்போக இதில் பேட்டரி கிடையாது. மகிட்டாவின் டிடபிள்யூ0350 மாதிரியை எடுத்துக்கொண்டால் 400 வாட், 350 நியூட்டன் மீட்டர், அரை இன்ச் முனை. அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் வண்டி நிற்கிறது, பக்கத்தில் பிளக் இல்லை என்றால் மட்டும் இது சரிவராது.

பேட்டரி வகை: பெரும்பாலோர் இங்கேதான் வந்து நிற்பார்கள். வீட்டில் ஏற்கெனவே ஒரு கம்பெனியின் 18 வோல்ட் டிரில்லிங் மெஷின் இருந்தால், அதே கம்பெனியின் அதே பேட்டரி வரிசையில் கன்னை மட்டும் பேட்டரி இல்லாமல் வாங்குங்கள். செலவு ஏறக்குறைய பாதியாகும்.

இம்பாக்ட் டிரைவர் என்று விற்பது வேறு பொருள். அது கால் இன்ச் அறுகோணப் பிட் மாட்டி ஸ்க்ரூ முடுக்குவதற்கானது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது சதுர முனை உள்ள இம்பாக்ட் ரெஞ்ச். கார் வேலைக்கு முனை அரை இன்ச். முக்கால் இன்ச் லாரிக்கானது.

4. பெட்டியில் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது

முதலில் வோல்ட். 18 வோல்ட், 20 வோல்ட் மேக்ஸ், 21 வோல்ட் மூன்றும் ஒன்றுதான். உள்ளே ஐந்து லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கும். ஒரு செல்லைச் சராசரியாக 3.6 என்று கணக்கிட்டால் 18, முழுதாக ஏறியதும் 4.2 என்று கணக்கிட்டால் 21. ஆன்லைனில் விற்கும் பெயர் தெரியாத கருவிகளில் 88விஎஃப், 128விஎஃப் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அது வோல்ட் இல்லை, ஒரு அலங்காரம். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ஐந்து செல் வரிசைதான்.

அடுத்து டார்க். இறுக்கும் டார்க், கழற்றும் டார்க் என்று இரண்டு உண்டு, இரண்டாவது எப்போதும் பெரியது. பாஷ் ஜிடிஎஸ் 18வி-400 இல் இறுக்குவதற்கு 400, கழற்றுவதற்கு 600. மகிட்டா டிடிடபிள்யூ300 இல் 330-ம் 580-ம். ஒழுங்கான கம்பெனி இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும். வெறுமனே ஒரு எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டு, அது எந்த டார்க் என்று சொல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். ஒரு கம்பெனியின் இறுக்கும் டார்க்கையும் இன்னொரு கம்பெனியின் கழற்றும் டார்க்கையும் வைத்து ஒப்பிடுவது பலரும் விழும் குழி.

எடையும் பேசும். மகிட்டாவின் டிடிடபிள்யூ1002 உண்மையிலேயே 1,000 நியூட்டன் மீட்டரில் இறுக்கும் கருவி. பேட்டரியோடு தூக்கினால் மூன்று கிலோவுக்கு மேல் இருக்கும். உள்ளே சுற்றி அடிக்கும் சுத்தியல் கனமாக இருந்தால்தான் அடி விழும். ஒன்றரைக் கிலோ கருவி 1,200 நியூட்டன் மீட்டர் தருகிறது என்றால் நம்பாதீர்கள்.

மூன்றாவது பேட்டரியின் ஆம்பியர் ஹவர். இது எவ்வளவு நேரம் ஓடும் என்பதற்கான எண் மட்டுமல்ல. 2 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் ஐந்து செல்கள், 4 அல்லது 5 இல் பெரும்பாலும் பத்து. பத்து செல் பேட்டரி ஒரே நேரத்தில் அதிக மின்சாரம் தரும் என்பதால் அதே கன்னில் அடியும் பலமாக விழும். 2 ஆம்பியர் ஹவர் பேட்டரியோடு வரும் கிட்டில் விலை குறைவாகத் தெரியும், வேலை அன்று ஏமாற்றும். பேட்டரியைத் தனியே கையில் எடுத்துப் பாருங்கள். பத்து செல் என்றால் செல்களே கிட்டத்தட்ட அரைக் கிலோ வரும். லேபிளில் 6 ஆம்பியர் ஹவர், கையில் 300 கிராம் என்றால் லேபிள் பொய்.

பிரஷ்லெஸ் (தேயும் கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் இருந்தால் நல்லது. கழற்றும்போது நட்டு தளர்ந்ததும் தானே நிற்கும் வசதியும் சில மாதிரிகளில் உண்டு. நட்டு தெறித்து ஓடி சாக்கடையில் விழாமல் காப்பாற்றும். விளக்கு பெரும்பாலானவற்றில் இருக்கிறது, அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

என் சிபாரிசு: வீல் நட்டு, பிரேக், சஸ்பென்ஷன் வரைக்கும் என்றால் இறுக்கும் டார்க் 300 - 400 உள்ள நடுத்தரக் கன், 4 ஆம்பியர் ஹவர் பேட்டரி. ஆக்சில் நட்டும் கிராங்க் புல்லியும் அடிக்கடி கழற்றப்போகிறவர்கள் மட்டும் 700-க்கு மேல் பாருங்கள். கனமான கன்னைப் படுத்துக்கொண்டு பத்து நிமிடம் தாங்கிப் பிடித்துப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

5. சாக்கெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்

பளபளப்பான குரோம் சாக்கெட்டை கன்னில் மாட்டாதீர்கள். அது கையால் திருப்புவதற்கானது; அடி தாங்காமல் வெடித்துத் தெறிக்கும். கன்னுக்கு வேண்டியது குரோம் மாலிப்டினத்தில் செய்த கறுப்பு இம்பாக்ட் சாக்கெட். ஆறு முனை உள்ளதாகக் கேளுங்கள், பன்னிரண்டு முனை உள்ளது மூலைகளை மழுக்கும்.

வீல் நட்டுக்கு நீளமான டீப் சாக்கெட் வேண்டும். அலாய் வீல் என்றால் சுவர் மெல்லியதாகவும் வெளியே பிளாஸ்டிக் உறை போட்டதாகவும் வாங்குங்கள். இல்லையென்றால் நட்டுக் குழிக்குள் சுற்றிலும் கீறல் விழும். 17, 19, 21 மூன்றும் இருந்தால் வீட்டுக்கு வரும் பெரும்பாலான வண்டிகளுக்கு ஆகும்.

எக்ஸ்டென்ஷன் ராடு, முனையை மாற்றும் அடாப்டர், யூனிவர்சல் ஜாயிண்ட் ஒவ்வொன்றும் அடியின் ஒரு பங்கைத் தின்றுவிடும். கன் பலமில்லை என்று திட்டும் முன் நடுவில் இருப்பவற்றைக் கழற்றிப் பாருங்கள்.

திருட்டைத் தடுக்கும் லாக் நட்டு போட்ட வண்டியில், அந்தச் சாவி சாக்கெட்டின் மேல் கன்னை வைக்கவே கூடாது. சாவி உடைந்தால் நட்டை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதைக் கையால் கழற்றுங்கள்.

6. மொத்தம் எவ்வளவு ஆகும்

நான் விசாரித்த அளவில் தோராயக் கணக்கு இது. தள்ளுபடிக் காலத்தில் கீழே இறங்கும்.

- பெயர் தெரியாத 21 வோல்ட் கிட், இரண்டு பேட்டரியோடு: 4,000 முதல் 7,000 ரூபாய்
- நடுத்தரக் கம்பெனி கிட்: 9,000 முதல் 16,000
- பாஷ், மகிட்டா, டிவால்ட் போன்றவை, பேட்டரி சார்ஜரோடு: 20,000 முதல் 35,000
- இம்பாக்ட் சாக்கெட் ஒன்று: 300 முதல் 600
- டார்க் ரெஞ்ச் (குறித்த டார்க்கில் இறுக்க உதவும் ஸ்பேனர்): 2,500 முதல் 6,000
- பாதுகாப்புக் கண்ணாடி, காதடைப்பான்: 500-க்குள்

டார்க் ரெஞ்ச் இந்தப் பட்டியலில் ஏன் என்று 10-வது படியில் தெரியும். அதற்கும் சாக்கெட்டுக்கும் முதலிலேயே 5,000 ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் கன் தேடுங்கள். மின் கைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கடைக்காரர் சொல்லும் விலை வரியோடா, வரி இல்லாமலா என்று கேட்காமல் பேரம் பேசாதீர்கள்.

7. பில், வாரண்டி, வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள்

சென்னையில் என்றால் பாரிமுனைப் பக்கம் செம்புதாஸ் தெருவில் நேரில் கையில் பிடித்துப் பார்த்து வாங்கலாம். பில் இல்லாமல் நூறு இருநூறு குறைத்துத் தருவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பில்லில் மாதிரி எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும், பெட்டியில் இருப்பதும் கருவியின் மேல் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். சில கம்பெனிகள் இணையத்தில் பதிவு செய்தால் வாரண்டியை நீட்டித் தருகின்றன, அதற்குக் கெடு உண்டு. வாங்கிய அன்றே பதிவு செய்துவிடுங்கள். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் வாரண்டி தனியா என்று கேளுங்கள். உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, தனியாக கார்பன் பிரஷ், பேட்டரி கிடைக்குமா என்பதையும் அப்போதே விசாரியுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் தம்பியிடம் கொண்டுவரச் சொல்லலாமே என்று தோன்றும். மூன்று விஷயம். அங்கத்திய சார்ஜர் 120 வோல்ட். இங்கே நேரே செருகினால் புகைதான். துபாய், சிங்கப்பூர் என்றால் இந்தப் பிரச்சினை இல்லை. வாரண்டி இங்கே செல்லுபடியாகாமல் போகலாம். விமானத்தில் கன்னை செக்-இன் பெட்டியில் வைக்க வேண்டும், தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். 100 வாட் ஹவர் வரை பொதுவாக அனுமதி; 18 வோல்ட் 5 ஆம்பியர் ஹவர் என்றால் 90, தப்பித்தது. 6 என்றால் 108, விமானக் கம்பெனியிடம் முன்அனுமதி கேட்க வேண்டிவரும்.

8. வந்த அன்றே சோதித்துவிடுங்கள்

ஆன்லைனில் வாங்கினால் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு ஒரு வாரம் பத்து நாள்தான் இருக்கும். பலர் அடுத்த டயர் மாற்றும் வரை பெட்டியைத் திறப்பதே இல்லை. பேட்டரியை முழுதாக ஏற்றி, டார்க் ரெஞ்சால் 150 நியூட்டன் மீட்டர் வைத்து ஒரு பழைய போல்ட்டை இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். வீல் நட்டில் இந்தச் சோதனை வேண்டாம். சார்ஜரும் பேட்டரியும் தொட முடியாத அளவு சுட்டால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

9. கழற்றும் முறை

முந்தின நாள் இரவே மரையில் டபிள்யூடி-40 அல்லது துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். பிரேக் டிஸ்க்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடித்த ஐந்தாவது நிமிடம் கன்னை எடுப்பவர்களுக்கு எண்ணெய் உதவாது.

வண்டி சமதரையில், கைபிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிற்கட்டும். ஜாக்கி போடும் முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை உலுக்கிவிடுங்கள். சாக்கெட் முழுதாக உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்து, கன்னை நேராகப் பிடித்து, மூன்று நான்கு நொடி அழுத்துங்கள். அசையவில்லையா? ஒரு நொடி இறுக்கும் பக்கம் ஒரு தட்டு, மறுபடி கழற்றும் பக்கம். துரு விட்டுக்கொடுக்கும். பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் ஒரே மூச்சாக அடிப்பதில் பயனில்லை, மோட்டாரும் சாக்கெட்டும்தான் சூடேறும். எண்ணெய் அடித்துக் காத்திருங்கள், பிறகு பிரேக்கர் பாரை எடுங்கள்.

ஆக்சில் நட்டில் கன் வைக்கும் முன், நட்டின் விளிம்பு பள்ளத்துக்குள் தட்டி மடக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். அதை உளியால் நிமிர்த்தாமல் கழற்றினால் மரை போய்விடும். அந்த நட்டைத் திரும்பப் பயன்படுத்தாமல் புதிது போடுங்கள்.

கண்ணாடியும் காதடைப்பானும் கட்டாயம். மூடிய பார்க்கிங்கில் இதன் சத்தம் பயங்கரம். மதியம் தூங்குகிற அக்கம்பக்கத்தாரையும் யோசியுங்கள்.

10. மாட்டும்போது கன்னை உறைக்குள் போடுங்கள்

நட்டை முதலில் விரலால் ஏற்றுங்கள். மூன்று நான்கு சுற்று சுலபமாகப் போனால்தான் மரை சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். கன்னால் ஆரம்பித்தால் மரை கோணலாகப் பிடித்து, நட்டு ஏறும் ஸ்டட் கம்பியே வீணாகும். பிறகு ஸ்பேனரால் ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிராக இறுக்கி, வண்டியை இறக்கி, கையேட்டில் சொன்ன எண்ணில் டார்க் ரெஞ்சை வைத்து முடியுங்கள். கன்னில் 1, 2, 3 என்று இருக்கும் வேக நிலைகளை டார்க் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே நிலையில் பேட்டரி முழுதாக இருக்கும்போது ஒரு டார்க், பாதியில் ஒரு டார்க். ஸ்டட் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள், அதே எண்ணில் நட்டு தேவைக்கு மேல் இறுகிவிடும்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். வேலை முடிந்ததும் அந்த ரெஞ்சை அதன் ஆகக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வையுங்கள். கன்னின் பேட்டரியைக் கழற்றி, பாதி சார்ஜில், வெயில் படாத இடத்தில் வையுங்கள், காரின் டிக்கியில் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சார்ஜ் பார்த்தால் போதும். அடுத்த முறை டயர் கடைக்குப் போகும்போது, கன்னால் லேசாக ஏற்றிவிட்டு மிச்சத்தை டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். அவர்களிடம் இல்லையென்றால் உங்களுடையதை நீட்டுங்கள்.